அளிக்கப்படும்

தெருமுனையில் ஆட்டோ திரும்பி, அதன் சத்தம் பெரிய சாலையின் இரைச்சலில் கரைந்து, அதற்குப் பிறகும் நூறு எண்ணி முடித்த பின்தான் டெல்பின் மடிக்கணினியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கஸ்பார் எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வருகிறவர். குடை, கண்ணாடி, ஒரு தடவை செருப்பையே மாற்றிப் போட்டுக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். இன்று மறக்கவில்லை. திருநெல்வேலியில் அவருடைய தங்கை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், ஐந்தரைக்குத்தான் வீட்டில் இருப்பார். இப்போது இரண்டு. தமிழ் வாசிக்கிற புதிய இயங்குதளத்தைக் கணினியில் நிறுவ மூன்றரை மணி நேரம் போதும் என்று, அதைச் செய்தவர்களில் ஒருவனான நிரோஷன் சொல்லியிருந்தான், போதாவிட்டாலும் இதுதான் கிடைத்த நேரம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, பக்கத்தில் யாரும் இல்லாமல், ஒரு பக்கத் தமிழ்க் கடிதத்தை அடித்து, தானே வாசித்துப் பார்த்து, தானே பிழை திருத்திக் காட்டியாக வேண்டும், காட்டினால்தான் தட்டச்சு வேலை அவளுக்கு. அடிப்பதில் ஒன்றுமில்லை. பத்தொன்பது வருஷம் தட்டச்சர், விரலுக்குக் கண் தேவையில்லை. வாசிப்பதில்தான் எல்லாம். இந்தக் கணினியில் இருக்கிற குரல் இங்கிலீஷை மணி மணியாக வாசிக்கும், தமிழ் எழுத்து வந்தால் ஊமையாகிவிடும். ஒரு வரி தமிழ் என்றால் ஒரு வரி மௌனம். தெரிந்தவர்கள் எல்லாம் ஏதேதோ போட்டுப் பார்த்தார்கள், மௌனம் போகவில்லை. மூன்று வருஷமாகத் தன் மொழியில் இருக்கிற எதையும் அடுத்தவர் வாயால்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பெரும்பாலும் கஸ்பாரின் வாயால். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயிலில் வாசகம் வாசிக்கிறவர் மாதிரி, மின்கட்டண அட்டையைக்கூட நிதானமாக வாசிப்பார். நல்ல மனுஷன். நேற்று ராத்திரி சாப்பாட்டின்போதும் நல்ல மனுஷனாகத்தான் சொன்னார்: "பரிசோதனையில இருக்குன்னு அவனுகளே சொல்லுதானுக. நமக்கு எதுக்கு டெல்பின் இந்த வம்பு? நம்ம ரெனிட்டாவோட காலேஜ் பிராஜக்ட் அதுல கெடக்கு, எங்க அம்மா போட்டோ எல்லாம் அதுல கெடக்கு. நான் வந்த பொறவு கம்ப்யூட்டர் கடையில குடுத்துப் பாப்போம்." அவள் சரி என்றாள். சரி என்று சொன்னபோதே மேசைக்கு அடியில் அவள் கை அந்தப் புதிய இயங்குதளம் இருந்த பென் டிரைவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பென் டிரைவைச் செருகி, மின்பொத்தானை அமுக்கி, மேல்வரிசையில் இடப்பக்கத்திலிருந்து எண்ணிக் கண்டுபிடித்து ஒரு துளி நெயில் பாலிஷ் வைத்திருந்த விசையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டு, தட்டு, விட்டுவிடாதே. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினால் ஒரு வெளிறல் தெரியும், அவ்வளவுதான் மிச்சம். கண்ணில் அழுத்தம் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, தலையில் அழுத்தம், அலுவலகத்தில் அழுத்தம், இப்போது கண்ணிலுமா என்று. முதலில் ஓரங்கள் போயின. பக்கத்து இருக்கைக்காரி இருப்பது தெரியாமல் அவள் மேல் காப்பியைக் கொட்டினாள். பிறகு வட்டம் சுருங்கிச் சுருங்கி, ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகி, ஒரு ஜூலை மாதத்தில் குழாயும் அடைத்துக்கொண்டது. தட்டு, தட்டு. இரண்டு தடவை பழைய கணினியே திறந்து இங்கிலீஷில் வரவேற்றது. மூன்றாவது தடவை ஒரு நீண்ட அமைதி, அதற்குள் ஒரு கரகரப்பு, பிறகு ஒரு பெண்குரல், மூக்கடைப்பு வந்தவள் மாதிரி, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு: "வணக்கம். தமிள் மொளியில் தொடர எண்டர் விசையை அளுத்தவும்." டெல்பின் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் எதையும் அழுத்தவில்லை. குரல் அசிங்கமாகத்தான் இருந்தது. நிரோஷன் முன்பே சொல்லியிருந்தான். பருத்தித்துறையில் இருக்கிறான், முகம் பார்த்ததில்லை, ஒரு மின்னஞ்சல் குழு மடலில் பழக்கம், பதினோரு பேர் சேர்ந்து வேலைநேரம் போக மிச்ச நேரத்தில் இதைச் செய்கிறார்கள். "எங்கட குரலுக்கு இன்னும் ழ வராது அக்கா. எல்லாம் ள தான். எங்களுக்கே வராதெண்டு எல்லாரும் பகிடி பண்ணுகினம். அடுத்த பதிப்பில சரி பண்ணுவம்." "பரவால்ல தம்பி," என்றாள் அவள், "ழ இல்லாட்டியும் தமிழ்தானே." "ஓம். ஆனா ஒண்டு அக்கா, இது பரிசோதனை நிலையிலதான் இருக்கு. சில கணினியில பழையதை விழுங்கினதும் நடந்திருக்கு. எல்லாத்தையும் வெளியில ஒரு பிரதி எடுத்து வைச்சிட்டுத் தொடங்குங்கோ." எடுத்து வைத்திருந்தாள், போன வாரமே, தனி டிஸ்க்கில். ஆனால் எடுத்ததைச் சரிபார்க்கப் போனால் கோப்புகளின் பெயரெல்லாம் கஸ்பார் தமிழில் வைத்த பெயர்கள். அம்புவிசையை அமுக்க அமுக்க மௌனம், மௌனம், மௌனம். வந்திருக்கிறதா, பாதிதான் வந்திருக்கிறதா, யாருக்குத் தெரியும். ஐந்நூற்றுச் சில்லறை மௌனங்கள் இருந்தன என்பது மட்டும் தெரியும்.

மொழி, ஊர், விசைப்பலகை என்று ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனாள். பெயர் கேட்டது, தந்தாள். கடவுச்சொல் கேட்டது, தந்தாள். பிறகு டிஸ்க்கைப் பங்கிடும் வட்டுப் பக்கம் வந்தது. இங்கேதான் நிதானம் வேண்டும் என்று நிரோஷன் மூன்று தடவை சொன்ன இடம். பட்டியலில் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பழைய இயங்குதளத்துக்குப் பக்கத்தில் நிறுவு. அம்பை அமுக்கினாள், குரல் மூச்சு வாங்கிற்று, கணினி பழசு, குரல் பின்தங்கி வருகிறது, "பளைய இயங்குதளத்துக்குப் பக்கத்தில்" என்று தொடங்கியதும் எண்டரை அமுக்கினாள். அடுத்த பக்கம். "பளைய பகுதி. நூற்று இருபது ஜிபி. அளிக்கப்படும். புதிய பகுதி. எண்பது ஜிபி. அளிக்கப்படும். தொடர்ந்தால் திரும்ப இயலாது. தொடரவா?" அவள் விரல் எண்டரின் மேல் போய் உட்கார்ந்து, அங்கேயே நின்றது. அளிக்கப்படும். பழையதுக்கு நூற்றிருபது அளிக்கப்படும், நல்லதுதான், அதன் இடம் அதற்கு, புதியதுக்கு எண்பது, அதன் இடம் அதற்கு. ஆனால் இந்தக் குரலுக்கு ழ வராது. அளிக்கப்படும் என்று அது சொன்னால் அது அளிக்கப்படுமாகவும் இருக்கலாம், அழிக்கப்படுமாகவும் இருக்கலாம். மறுபடி கேட்டாள். அளிக்கப்படும். இன்னொரு தடவை. அளிக்கப்படும். மாறவே மாறாத மூக்கடைப்புக் குரல், கொடுப்பதற்கும் துடைத்துப்போடுவதற்கும் ஒரே தொனி. எழுத்தெழுத்தாக நகர்ந்து பார்த்தாள்: அ. ளி. க். க. அதே கதைதான். நிரோஷனைக் கூப்பிட்டாள், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். ஓய்ந்தது. பக்கத்து வீட்டு ரீட்டாவைக் கூப்பிடலாம். ரீட்டா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள், ஒரே நொடியில் வாசித்துச் சொல்லிவிடுவாள், தோளைத் தட்டி, "ஏன் அண்ணன் இல்லாத நேரத்துல ஒனக்கு இந்தப் பாடு" என்பாள், சாயங்காலம் கஸ்பார் செருப்பைக் கழற்றும் முன் அவரிடமும் சொல்லிவிடுவாள். அதற்காக இல்லை, அதற்காக மட்டும் இல்லை. திங்கட்கிழமை ரீட்டா இருக்க மாட்டாள். மகளின் பிராஜக்ட் இதில் கிடக்கிறது என்று ஒரு குரல், கஸ்பாரின் குரலிலேயே. மாமியாரின் போட்டோ. மாமியாரின் முகம் இப்போதும் ஞாபகத்தில் இருக்கிறது, மகளின் முகம்தான் பதினேழு வயதிலேயே நின்றுவிட்டது, அதற்குப் பிறகு அது வளரவில்லை. எண்டர் ஒரு சின்னப் பள்ளம். அமுக்கினால் அரை மில்லிமீட்டர் இறங்கும். பாதிப் பாதி வாய்ப்பு, போடு, என்னதான் ஆகிவிடும். போடாதே. யோசி. ஒரு எழுத்து இன்னொரு எழுத்து இல்லை என்பதைக் கணினி எப்படித் தெரிந்துகொள்கிறது? அதற்குக் காது கிடையாது, வாயும் கிடையாது. அதற்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண். எண்! எழுத்தை ஒருமுறை கேட்டால் பெயர் சொல்லும், அதே விசையைத் தொடர்ந்து மூன்று முறை அமுக்கினால் எண் சொல்லும். இந்தப் புதுக் குரலுக்கும் அந்தப் பழக்கம் உண்டு என்று குழு மடலில் யாரோ எழுதியிருந்தார்கள். அமுக்கினாள். "இரண்டாயிரத்து தொள்ளாயிரத்து தொண்ணூற்று ஆறு." சரி. ஆனால் அது யாருடைய எண்? பெயர் கேட்ட பக்கத்துக்குத் திரும்பிப் போனாள், படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குரல் வந்து சேரும்வரை பொறுத்து. பெயர்ப் பெட்டியில் வலது சுண்டுவிரலால் கீழ்வரிசையின் ஓர விசையை அமுக்கினாள். அது ழ. பத்தொன்பது வருஷமாக அது ழ, அதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. எண் கேட்டாள். தொண்ணூற்று ஆறு. ஆட்காட்டி விரலை மேல்வரிசைக்கு ஏற்றி ள. எண் கேட்டாள். தொண்ணூற்று ஐந்து.

அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். ழ. அழிக்கப்படும். பின்தங்கி வருகிற குரல் இரண்டாவதைச் சொல்லத் தொடங்கும்போது தேர்வு மூன்றாவதுக்குப் போய்விட்டிருக்கிறது, அம்பை அவசரத்தில் இரண்டு தடவை தட்டியிருக்கிறாள், மூன்றாவது எல்லாவற்றையும் துடைத்துப்போடுவது. அவசரப்பட்ட கையை வாய்விட்டுத் திட்டினாள்: "சும்மா கெட." அடுக்களைக்குப் போய், எட்டு எட்டில் தண்ணீர்ப் பானை, இரண்டு தம்ளர் குடித்தாள். கஸ்பார் போன வருஷம் அடுக்களைக் கத்தியை எல்லாம் எடுத்துப் பரணில் வைத்துவிட்டார், அவள் ஸ்டூல் போட்டு ஏறித் தேடி எடுத்து மறுபடி அதன் இடத்தில் வைத்தாள், அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, அம்பை ஒரே ஒரு தடவை அமுக்கி, கையை மடியில் வைத்துக்கொண்டு, குரல் முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்து, அதற்குப் பிறகும் ஐந்து எண்ணி, எண்டர். பளைய பகுதி, நூற்று இருபது, அளிக்கப்படும். எழுத்தின் மேல் போய் எண் கேட்டாள். தொண்ணூற்று ஐந்து. மறுபடி கேட்டாள். தொண்ணூற்று ஐந்து. புதிய பகுதிக்கும் கேட்டாள். தொண்ணூற்று ஐந்து. தொடரவா? தொடர் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே அமுக்கினாள்.

ஒரு விழுக்காடு. நான்கு விழுக்காடு. கடற்காற்று எழும் நேரம், ஜன்னல் திரை அவள் தோளைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று, அதில் உப்பளத்துப் பிசுபிசுப்பு. பதினொன்று. செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்னும்போதுதான் பயம் வசதியாக வந்து உட்காருகிறது. திங்கட்கிழமை இது நடுவில் உறைந்து நின்றால்? அலுவலகத்தில் எல்லாரும் நல்லவர்கள், அதுதான் கஷ்டம். வேலை கொடுக்காத நல்லவர்கள். "நீங்க சும்மா உக்காருங்கக்கா, நாங்க பாத்துக்கிடுதோம்." ஆறு மாதமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். சும்மா உட்காருவது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது, காலையிலிருந்து மாலைவரை மற்றவர்களின் விசைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, யார் தப்பாக அடித்து அழிக்கிறார்கள் என்று சத்தத்திலேயே தெரிந்துகொண்டு. முப்பத்தெட்டு. நாற்பது. பஸ் நிலையத்தில் விழுந்த நாள் ஞாபகம் வந்தது, வேண்டாம், அது இப்போது வேண்டாம், ஆனால் வந்தது: முழங்கை, ரத்தம், எவனோ "குருட்டம்மா விழுந்துட்டு" என்று கூவியது, அன்று சாயங்காலம் கஸ்பார் மருந்து போட்டுவிட்டபோது அவர் கை அவள் கையைவிட அதிகமாக நடுங்கியது. ஐம்பத்தைந்து. அறுபத்தொன்று. அறுபத்தொன்று. அப்புறம் ஒன்றும் இல்லை. குரல் நின்றது. மின்விசிறி கிறீச், கிறீச். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பட்டனை அமுக்கி அணைத்துவிடலாமா, அணைத்தால் இரண்டும் போய்விடும் என்று நிரோஷன் சொன்னானே, அணைக்காவிட்டால் இப்படியே கிடக்குமே. தன் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அசையாதே. கணினியின் அடிப்பக்கத்தில் காதை வைத்தாள். உள்ளே ஏதோ மெல்லக் கொறித்துக்கொண்டிருந்தது. கொறிக்கிறது என்றால் உயிரோடு இருக்கிறது. அப்படியே, மேசையில் கன்னத்தை வைத்தபடி, அது கொறிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், இருபது நிமிஷமோ என்னவோ, "அறுபத்து இரண்டு விளுக்காடு" என்று அது காதுக்குள்ளேயே கத்தும்வரை.

நிறுவி முடித்து மறுபடி தொடங்கும்போது மணி நான்கே கால். இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியலுக்குக் குரல் கிடையாது. கீழ் அம்பை ரெண்டு தரம் அமத்தினால் பழையது என்று நிரோஷன் சொன்னதை நம்பி, மௌனத்துக்குள் இரண்டு தடவை தட்டி எண்டரை அமுக்கினாள். ஒரு நிமிஷம் கழித்து அந்தப் பழைய இங்கிலீஷ்க்காரன் உற்சாகமாக வரவேற்றான். அவன் குரலைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. அவனை மூடிவிட்டுப் புதியதைத் திறந்தாள். பழைய பகுதிக்குள் போனாள், கோப்புகள் இருக்கும் இடத்துக்கு, அம்பை அமுக்கினாள். மௌனம் இருந்த இடத்தில் வார்த்தை. "ரெனி பள்ளி ஆண்டு விளா." அமுக்கினாள். "அம்மா கடைசிப் படங்கள்." "ரெனி பிராஜக்ட் புதியது." "ரெனி பிராஜக்ட் மிகப் புதியது." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "மாதா கோயில் தேர்." "டெல்பின் ஐம்பதாவது பிறந்தநாள் யோசனைகள்." அதற்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறதே. மூன்று வருஷம் ஊமையாகக் கிடந்த பெயர்கள் ஒவ்வொன்றாக எழுந்து ஆஜர் சொல்லின. "டெல்பின் மனு." அவள் எந்த மனுவும் இதில் எழுதவில்லை. திறந்தாள். குரல் மூச்சு வாங்கி வாசித்தது: "ஐயா. எனது இரு கண்களிலும் பார்வையை முற்றிலும் இளந்துவிட்டபடியால் தட்டச்சர் பணியைத் தொடர இயலாத நிலையில் உள்ளேன். எனவே என்னைத் தொலைபேசி இருக்கைக்கு மாற்றித் தருமாறு என் சொந்த விருப்பத்தின் பேரில் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, டெல்பின் கஸ்பார்." தேதி ஜூன் ஒன்பது. பஸ் நிலையத்தில் விழுந்ததற்கு அடுத்த வாரம். மறுபடி வாசிக்கச் சொன்னாள். என் சொந்த விருப்பத்தின் பேரில். மறுபடி. அந்த வாரம் கஸ்பார் ஒரு தாளை அவள் முன் வைத்து, விரலைப் பிடித்துக் கொண்டுபோய் இடம் காட்டி, மருத்துவ விடுப்பை நீட்டிக்கிற கடிதம், இங்க ஒரு கையெழுத்துப் போடு என்று சொன்னார், அவள் கேட்டபோது வாசித்தும் காட்டினார். போட்டாள். இப்போதுதான் நேற்று கண்காணிப்பாளர் அம்மா சொன்னது வந்து உறைத்தது: "அப்ப ஒண்ணு கேட்டீங்க, இப்ப வேற கேக்கீங்க. எதும்மா உங்க முடிவு?" அவள் அதை வேறு எதையோ நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்திருந்தாள். அலுவலகம் அவளை ஒதுக்குகிறது என்று ஆறு மாதமாக ஒவ்வொருவரையும் மனதுக்குள் வைதிருக்கிறாள். அவர்கள் அவள் கேட்டதைத்தான் கொடுக்கப் பார்த்திருக்கிறார்கள். அழ வேண்டும் போல் இருந்தது, நேரம் இல்லை. புதிய கோப்பு ஒன்றைத் திறந்தாள். விரல்களை நடுவரிசையில் வைத்தாள்.

கஸ்பார் சொன்ன நேரத்துக்கே வந்தார். செருப்பு, குடை, பஸ்ஸின் டீசல் வாடை. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது, பையன் நல்ல கலர்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் மேசையைப் பார்த்து நின்றுவிட்டார். "போட்டுட்டியா?" "போட்டுட்டேன். பழசும் பத்திரமா இருக்கு. ஒக்காருங்க, ஒண்ணு வாசிக்கச் சொல்லுதேன்." விசையை அமுக்கினாள். மூக்கடைப்புக் குரல் தொடங்கியது, இரு கண்களிலும், இயலாத நிலையில், சொந்த விருப்பத்தின் பேரில். அவர் உட்காரவில்லை. வாசித்து முடிந்ததும் டெல்பின் சொன்னாள்: "மருத்துவ விடுப்புன்னு சொன்னீங்க." "ஆமா." "நான் கேட்டேன், நீங்க வாசிச்சும் காட்டுனீங்க. இல்லாததை வாசிச்சீங்க." அவர் சொன்னார்: "அன்னைக்கு ஒன் கைய நான் பாத்தேன், டெல்பின். தினமும் நீ போயி திரும்பி வாரவரைக்கும் எனக்கு இங்க இருப்பு கொள்ளல. போன் சீட்டுன்னா ஒரே எடத்துல இருப்ப, ஆபீஸ் வண்டியிலயே கூட்டிட்டுப் போவாங்கன்னு சொன்னாங்க. நீ ஒத்துக்கிட மாட்டன்னு தெரியும்." "தெரிஞ்சுதான் செஞ்சீங்க." "தெரிஞ்சுதான் செஞ்சேன்." அவர் குரல் உடைந்தது. அவள் அதைக் கேட்டாள், அது உண்மையான உடைசல் என்றும் அவளுக்குத் தெரிந்தது, அதற்காக நிறுத்தவில்லை. அடித்துவைத்திருந்த இரண்டு வாக்கியங்களையும் வாசிக்கச் சொன்னாள்: "ஜூன் ஒன்பதாம் தேதியிட்ட மனு என்னால் எளுதப்பட்டதல்ல. அதைத் திரும்பப் பெறுகிறேன்." கஸ்பார் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. "யாரு எழுதுனதுன்னு கேப்பாங்களே." "கேட்டா சொல்லுவேன்." "சரி," என்றார். பிறகு, "எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டட்டுமா?" என்றார். "வேண்டாம். ஆபீஸ்ல பிரிண்ட் எடுத்து அந்தம்மா முன்னாலயே போட்டுக்கிடுதேன்." "எம் மேல கோவமா?" "ஆமா," என்றாள் டெல்பின். "ரொம்ப. பஸ்ல வந்திருக்கீங்க, மொகத்தக் கழுவிட்டு வாங்க, தோசைக்கு மாவு இருக்கு." அவர் எழுந்து போகிற காலடிச் சத்தம் குளியலறைக் கதவுவரை போய்ச் சேருவதற்குள் அவள் மூன்றாவது வாக்கியத்தை அடிக்கத் தொடங்கியிருந்தாள்.